தேர்வுத்தாளைத் திருப்பிப் பார்க்க ஒரு மென்பொருள்: எங்கள் பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர், வகுப்புத் தேர்வு முடிந்து திருத்திய தாள் கைக்கு வந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்பதற்காகவே ஒரு சின்ன மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் அவர்களுடைய கணினி ஆசிரியர். குன்னூர், கூடலூர் பக்கத்து ஆசிரியர்களும் சில பெற்றோரும் வேறு பள்ளிப் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. பதில்களில் பாதி பிள்ளைகள் சொன்னது, மீதி நான் சொல்வது.

இது என்னதான் செய்யும்?

ஒரு தேர்வில் எந்தக் கேள்வியில் வகுப்பு சறுக்கியது, ஏன் சறுக்கியது என்று காட்டும். அவ்வளவுதான். யார் முதல் ரேங்க், யார் ஃபெயில் என்று காட்டாது, காட்டவும் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். ஆசிரியர் கீ ஆன்சரைப் போடுகிறார், பிள்ளைகள் தங்கள் தாளைப் பார்த்து எந்த விடையை எழுதினோம், எங்கே மதிப்பெண் போனது, எதனால் போனது என்று போடுகிறார்கள். கடைசியில் ஒரே பக்கம் வரும். வகுப்பு அதிகமாக இழந்த கேள்வி மேலே, எல்லோரும் சரியாக எழுதியது கீழே. மறுநாள் ஆசிரியர் மேலே இருக்கும் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துப் பேசினால் போதும்.

மதிப்பெண் பட்டியல்தான் எக்செல்லில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. பட்டியலில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, வரியின் முடிவில் ஒரு கூட்டுத்தொகை. 75க்கு 41 என்று இருந்தால் அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியும், நாளைக் காலை முதல் பீரியடில் நான் கரும்பலகையில் என்ன எழுத வேண்டும் என்று தெரியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன், எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒரு மதிப்பெண் கேள்வி: 6 ஓம் மின்தடை இரண்டைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்த மின்தடை எவ்வளவு? விடைகள் 3, 6, 12, 36. சரியான விடை 3. நாற்பது பேர் எழுதியதில் 14 பேர் 3 என்றும், 21 பேர் 12 என்றும், 3 பேர் 6 என்றும், 2 பேர் 36 என்றும் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் இது வெறும் '26 பேருக்கு ஒரு மதிப்பெண் குறைவு', அதுவும் கூட்டுத்தொகைக்குள் கரைந்து போய்விடும். ஆனால் 12 எழுதிய அந்த 21 பேரும் 6ஐயும் 6ஐயும் கூட்டியிருக்கிறார்கள், அதாவது தொடரிணைப்பின் சூத்திரம் அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது, பக்க இணைப்பு என்று கேள்வியில் இருந்ததைக் கவனிக்கவில்லை அல்லது இரண்டுக்கும் வித்தியாசம் மனதில் பதியவில்லை. 36 எழுதிய இருவர் பெருக்கலோடு நின்றுவிட்டார்கள், அந்தப் பெருக்கல் தொகையை இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும் என்பது விட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்துவதில் பயனில்லை. முதல் கூட்டத்துக்கு இரண்டு பேட்டரி செல், இரண்டு பல்பு, கொஞ்சம் ஒயர் வைத்து இரண்டு இணைப்பையும் கண்ணால் பார்க்க விட்டாலே பாதி சரியாகிவிடும்.

தவறான விடையில்தான் தகவல் இருக்கிறது. பள்ளிகளில் நாம் அதைத்தான் முதலில் தூக்கிப் போடுகிறோம்.

ரேங்க் இல்லாமல் ஏன்? பெற்றோர் அதைத்தானே கேட்கிறார்கள்?

கேட்கிறார்கள், தெரியும். ரேங்க் கார்டு எப்படியும் வீட்டுக்குப் போகத்தான் போகிறது, அதை நாங்கள் நிறுத்தவில்லை. இந்தத் திரையில் மட்டும் அது வேண்டாம் என்கிறோம்.

காரணம் இருக்கிறது. 1988ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்து வெளியிட்டார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு எழுத்தில் கருத்து மட்டும், இன்னொரு குழுவுக்கு இரண்டும். கருத்து மட்டும் வாங்கியவர்கள் அடுத்த வேலையை இன்னும் நன்றாகச் செய்தார்கள். இரண்டும் வாங்கியவர்கள் அப்படி முன்னேறவில்லை, மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலத்தான் இருந்தார்கள். எண்ணைப் பார்த்ததும் கருத்தைப் படிக்கும் மனசு போய்விடுகிறது. தாள் கொடுக்கும் நாளில் எந்த வகுப்பில் போய் நின்றாலும் இதைப் பார்க்கலாம், முதலில் எண், அடுத்து பக்கத்து பெஞ்சின் எண், அப்புறம் தாள் மடிந்து பைக்குள் போய்விடும்.

விடைகளை யார் உள்ளிடுவது? ஆசிரியருக்கு இன்னொரு வேலையா?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றுவதே தலைக்கு மேல் இருக்கிறது, இன்னொரு திரையில் நாற்பது பேரின் விடைகளைத் தட்டச் சொன்னால் எந்த ஆசிரியரும் ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுவார். அதனால்தான் பிள்ளைகளே உள்ளிடுகிறார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் தட்ட, பிறகு மாற்றிக்கொள்வார்கள். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள், அறிவியலில் 12. திரையில் எல்லாம் 'சரி' என்றே தொடங்கும், தவறானதை மட்டும் தொட்டு எந்த விடையை எழுதினோம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் சொன்னது கணினி அறிவியல் பிள்ளைகள் அல்ல, சோதித்துப் பார்க்க வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. ஒரு தவறும் செய்யாதவர் ஒரே பொத்தானில் முடித்துவிடலாம்.

ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்பார்கள். எதற்கு ஏமாற்ற வேண்டும்? இங்கே போடுவதால் யாருக்கும் ஒரு மதிப்பெண்கூட ஏறவோ இறங்கவோ போவதில்லை. ரேங்க் இல்லாததன் பலன் இங்கேயும் வந்து நிற்கிறது.

'ஏன் தவறு' என்பதற்கு என்னென்ன காரணங்கள் வைத்திருக்கிறீர்கள்?

ஐந்து. படிக்கவில்லை. படித்தேன், மறந்துவிட்டது. கேள்வி புரியவில்லை. தெரியும், ஆனால் கணக்கிலோ எழுதும்போதோ தவறிவிட்டது. நேரம் இல்லை. முதலில் பிள்ளைகள் பெரிய பட்டியலே போட்டிருந்தார்கள், தேர்ந்தெடுக்கவே நேரம் ஆனதால் சுருக்கினோம். கவனக்குறைவு என்று தனியாக ஒன்று வேண்டும் என்று சில ஆசிரியர்கள் கேட்டார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கேர்லெஸ் மிஸ்டேக் என்று ஒரு பொத்தான் இருந்தால் எல்லாத் தவறும் அதில்தான் போய் விழும், அதிலிருந்து ஆசிரியருக்குத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது.

இந்த ஐந்தில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது. நம் நீலகிரி மாவட்டத்தில் வீட்டில் படகா மொழி பேசி, பள்ளியில் தமிழிலோ ஆங்கிலத்திலோ கேள்வியைப் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளம் பேசும் வீடுகள், இன்னும் இருளர், குறும்பர், கோத்தர், தோடர் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரே வகுப்பில் நான்கு மொழிகள் உட்கார்ந்திருக்கும். 'பின்வருவனவற்றுள் பொருந்தாத ஒன்றைத் தேர்ந்தெடு' என்பதில் பாடமே இல்லை, மொழி மட்டும்தான் இருக்கிறது. ஒரு கேள்விக்கு நிறையப் பேர் 'கேள்வி புரியவில்லை' என்று போட்டால் ஆசிரியர் பாடத்தைத் தொட வேண்டாம், அந்த வாக்கியத்தைப் பிரித்துச் சொன்னால் போதும். தமிழ் வழியும் ஆங்கில வழியும் உள்ள பள்ளியில் ஒரே கேள்வியை இரண்டு பிரிவுக்கும் தனித்தனியாகப் பார்க்கவும் வசதி வைத்திருக்கிறோம். ஒரு பிரிவு மட்டும் ஒரு கேள்வியில் கீழே போனால் முதலில் மொழிபெயர்ப்பைப் பாருங்கள்.

போனில் படம் எடுத்தால் தானாகத் திருத்தும்படி செய்யக் கூடாதா?

வட்டத்தைக் கறுப்பாக்கும் ஓஎம்ஆர் தாள் என்றால் செய்யலாம், அது புதிதே இல்லை. அமெரிக்காவில் மிச்சிகனில் ரெனால்ட் ஜான்சன் என்ற பள்ளி ஆசிரியர் பென்சில் கோடு மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து விடை திருத்தும் பொறி ஒன்றைச் செய்து பார்த்தார், ஐபிஎம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு 1938ல் அந்தப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே மனிதர்தான் பின்னாளில் 1956ல் வந்த முதல் ஹார்ட் டிஸ்க்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் நம் வகுப்புத் தேர்வு ரூல் போட்ட தாளில் பேனாவால் எழுதுவது. தமிழ்க் கையெழுத்தை, அதுவும் அவசரத்தில் எழுதியதை, கணினி தவறில்லாமல் படித்துவிடும் என்று நம்பி ஒரு பிள்ளையின் தாளை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. பிள்ளை தன் தாளை வரி வரியாகத் திரும்பப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர், அதைக் கேமராவிடம் கொடுத்துவிட்டால் கருவி வேகமாக ஓடும், பிள்ளைக்கு ஒன்றும் ஓடாது.

திரையில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் வருகின்றனவே, அவை என்ன?

முதல் எண் எளிது. சரியாக எழுதியவர்களை மொத்தப் பேரால் வகுப்பது. மின்தடைக் கேள்வியில் 14ஐ 40ஆல் வகுத்தால் 0.35. ஒன்றை நெருங்க நெருங்கக் கேள்வி சுலபம்.

இரண்டாவது எண்ணில்தான் சுவாரசியம். மொத்த மதிப்பெண்ணில் மேலே இருக்கும் 27 சதவீதம் பேரையும் கீழே இருக்கும் 27 சதவீதம் பேரையும் தனியாக எடுக்க வேண்டும் (இந்த 27 என்ற அளவு 1939ல் ட்ரூமன் கெல்லி என்பவர் கணக்குப் போட்டுச் சொன்னது, அதிலிருந்து உலகம் முழுக்க அப்படியே பழகிவிட்டது). நாற்பது பேர் வகுப்பில் அது ஏறக்குறைய 11 பேர். மேல் கூட்டத்தில் 8 பேரும் கீழ்க் கூட்டத்தில் ஒருவரும் சரியாக எழுதியிருந்தால் வித்தியாசம் 7, அதை 11ஆல் வகுத்தால் 0.64. நன்றாகப் படிப்பவரையும் தடுமாறுபவரையும் கேள்வி சரியாகப் பிரித்துக் காட்டுகிறது என்று அர்த்தம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் அந்தக் கேள்வியால் எதுவும் தெரியவில்லை. மைனஸில் வந்தால், அதாவது நன்றாகப் படிக்கிறவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாக எழுதியிருந்தால், பிள்ளைகளைத் திட்டும் முன் கீ ஆன்சரைப் பாருங்கள். பெரும்பாலும் கீயில் தவறு இருக்கும், இல்லையென்றால் கேள்விக்கே இரண்டு விடை பொருந்தும்.

மேல், கீழ் கூட்டத்தைப் பிரிக்க மொத்த மதிப்பெண் தேவைப்படுகிறதே என்று ஒரு மாணவி கேட்டாள், சரியான கேள்வி. கணக்குக்கு உள்ளே அது பயன்படுகிறது, யார் எந்தக் கூட்டம் என்பது எந்தத் திரையிலும் வராது.

முக்கியமான ஓர் எச்சரிக்கை. மலையில் பல பள்ளிகளில் ஒரு வகுப்பில் 18 பேர், 12 பேர்தான் இருப்பார்கள். 18 பேரில் ஒருவர் விடையை மாற்றினாலே முதல் எண் 0.05க்கு மேல் நகரும், 27 சதவீதம் என்றால் ஐந்தே பேர். அங்கே இரண்டாவது எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 25 பேருக்குக் கீழே இருந்தால் எங்கள் கருவி அந்த எண்ணைக் காட்டவே காட்டாது, எத்தனை பேர் எந்த விடையை எழுதினார்கள் என்பதை மட்டும் காட்டும். 25 என்பது நாங்களாக வைத்த கோடு, உங்களுக்கு வேறு தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம்.

இன்டர்நெட் வேண்டுமா? கரண்ட் போனால்?

இன்டர்நெட் வேண்டாம். இங்கே வேண்டும் என்று வைத்தால் அது பாதி நாள் ஓடாது. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் பக்கம் கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அரையாண்டுத் தேர்வும் அந்த நேரத்தில்தான். கூடலூர், பந்தலூரில் ஜூன், ஜூலையிலேயே தென்மேற்கு மழை ஆரம்பித்துவிடும். ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகும். வீட்டில் ஒரே போன், அதையும் அப்பாவோ அம்மாவோ தோட்ட வேலைக்கு எடுத்துப் போயிருப்பார்கள். கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கத்துப் பிள்ளைகள் சாயங்காலம் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேருவதே பெரும்பாடு, அதனால் பள்ளி முடிந்த பிறகும் உட்கார வைக்க முடியாது. ஆக, எல்லாம் ஒரு பீரியடுக்குள், பள்ளிக்குள், நெட் இல்லாமல் நடக்க வேண்டும்.

லேபில் ஒரு கணினியில் மட்டும் நிரல் ஓடும். மற்ற கணினிகள் அதே நெட்வொர்க்கில் பிரவுசரைத் திறந்து அதன் முகவரியை அடித்தால் போதும், அவற்றில் எதையும் நிறுவ வேண்டாம். பைத்தான் என்ற நிரல் மொழியில் இணையப் பக்கங்கள் செய்ய உதவும் பிளாஸ்க்கில் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: சும்மா ஓட்டினால் அது தன் சொந்தக் கணினிக்கு மட்டும்தான் பதில் சொல்லும், ஹோஸ்ட் என்ற இடத்தில் 0.0.0.0 என்று கொடுத்தால்தான் மற்றவை எட்ட முடியும். லேபின் பொறுப்பாளரிடமும் தலைமை ஆசிரியரிடமும் முதலில் கேட்டுவிடுங்கள், அரசு ஹைடெக் லேப் கணினிகளில் நம் இஷ்டத்துக்கு எதையும் போடக் கூடாது. எங்களுக்கு ஒரு பழைய லேப்டாப்பே சர்வராகப் போதுமானதாக இருக்கிறது, பேட்டரி கொஞ்சம் உயிரோடு இருந்தால் கரண்ட் போனாலும் அது நிற்காது.

தரவு எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் இருக்கிறது, மொத்தமும் ஒரே கோப்பு, பென்டிரைவில் பிரதி எடுத்தால் முடிந்தது. கரண்ட் பாதியில் போனால் பாதி எழுதிய மாற்றத்தை அடுத்த முறை திறக்கும்போது அதுவே பின்வாங்கிவிடும், கோப்பு கெடாது. ஆனால் இதற்கு நம் பங்கும் உண்டு. எல்லாக் கேள்வியையும் முடித்தபின் ஒரே சேமி பொத்தான் என்று வைக்காமல், ஒவ்வொரு விடையையும் தொட்டதுமே சேமிக்க வேண்டும். அப்புறம், எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். இருபது கணினியிலிருந்து ஒரே நொடியில் வந்தால் 'டேட்டாபேஸ் லாக்டு' என்று முரண்டு பிடிக்கும். பைத்தான் இயல்பாக 5 நொடி காத்துப் பார்க்கும், அதைக் கூட்டிவையுங்கள், ஒவ்வொரு எழுதுதலையும் சின்னதாக வைத்து உடனே கமிட் செய்யுங்கள் (அதாவது மாற்றத்தை நிலையாகப் பதிந்துவிடுங்கள்), பிரச்சினை வராது.

தமிழ் எழுத்து உடைகிறதே, என்ன செய்தீர்கள்?

இதில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொண்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அவை திரையில்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். நகல் எடுத்து ஒட்டினால் குப்பையாகத்தான் வரும், முதலில் யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு மாற்ற வேண்டும்.

அடுத்து, காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தால் தமிழ் எல்லாம் விசித்திரக் குறிகளாக வரும். கோப்பு சரியாகத்தான் இருக்கிறது, எக்செல்லுக்கு அது யூனிகோடு என்று தெரியவில்லை. பைத்தானில் எழுதும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுத்தால் கோப்பின் தலையில் ஓர் அடையாளம் விழும், எக்செல் புரிந்துகொள்ளும்.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்ற எழுத்தை க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து எழுதலாம், அல்லது க-வோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. 'தொடரிணைப்பு' என்ற ஒரே பாடத்தலைப்பு பட்டியலில் இரண்டு முறை வந்து நின்றால் காரணம் இதுதான். பைத்தானிலேயே யூனிகோடுடேட்டா என்ற தொகுதி இருக்கிறது, உள்ளே வரும் எல்லா எழுத்துத் தொடரையும் அதில் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான முறைக்கு மாற்றிவிட்டுச் சேமித்தால் தீர்ந்தது.

நான்காவது, அகர வரிசை. யூனிகோடில் ன என்பது ப-வுக்கு முன்னால் இருக்கிறது, ற என்பது ல-வுக்கு முன்னால், வ என்பது ள, ழ எல்லாம் முடிந்த பிறகு. கணினியை அப்படியே வரிசைப்படுத்தச் சொன்னால் நம் அகராதி வரிசை வராது. நம் வரிசையை ஒரு பட்டியலாகக் கொடுத்து அதன்படி ஒழுங்குபடுத்த வேண்டும்.

எந்த மொழியில் எழுதினார்கள்? ப்ளஸ் டூ பிள்ளைகளால் முடியுமா?

முடியும். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் ப்ளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது, சிஎஸ்வி கோப்பு இருக்கிறது, பைத்தானிலிருந்து எஸ்க்யூலைட்டில் எழுதுவது இருக்கிறது, பைப்ளாட்டில் வரைபடம் போடுவதும் இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியது பிளாஸ்க்கும் கொஞ்சம் எச்டிஎம்எல்லும் மட்டும்தான். பாடப் புத்தகத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்கிற விஷயம், பக்கத்து வகுப்புப் பிள்ளைக்கு உதவும் ஒரு பொருளாக மாறும்போது அவர்கள் முகம் மாறுவதை நான் பார்க்கிறேன். கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள் ஒரு முறையாவது இதைச் செய்து பாருங்கள்.

ஏஐயிடம் கேட்டால் முழு நிரலையும் எழுதித் தந்துவிடுமே?

தரும். எங்கள் குழுவில் விதி ஒன்றுதான்: எங்கிருந்து வந்த வரியாக இருந்தாலும், அதைச் சேர்த்தவர் மற்றவர்களுக்குக் கரும்பலகையில் விளக்க வேண்டும். விளக்க முடியாத வரி உள்ளே போகாது. எந்தக் கேள்விக்கு எந்தத் தவறு வரும் என்பது ஏஐக்குத் தெரியாது, பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்து விடைத்தாள்களைப் புரட்டியவர்களுக்குத்தான் தெரியும். நிரல் எழுதத் தொடங்கும் முன் பிள்ளைகள் அப்படி உட்கார்ந்துதான் தொடங்கினார்கள்.

பிள்ளைகளின் தகவல் வெளியே போகாதா?

போவதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே. பெயர் இல்லை, எமிஸ் எண் இல்லை, பிறந்த தேதி, சாதி, போன் எண் எதுவும் இல்லை. ஆசிரியர் கொடுக்கும் ஒரு வரிசை எண் மட்டும், யார் எந்த எண் என்ற தாள் ஆசிரியரின் மேசையில். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இப்படித்தான் செய்திருப்போம். ஒரு பிள்ளை 'படிக்கவில்லை' என்று நேர்மையாகப் போட்டதை யாரோ படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளை இனி ஒருபோதும் நேர்மையாகப் போடாது. ஆண்டு முடிந்ததும் கோப்பை அழித்துவிடுவோம், கேள்வி வாரியான எண்ணிக்கை மட்டும் அடுத்த ஆண்டுக்கு இருக்கும்.

ஐந்து மதிப்பெண், ஏழு மதிப்பெண் கேள்விகளுக்கு?

இதில் கருவி அதிகம் செய்யாது. எவ்வளவு போனது, படத்திலா, சமன்பாட்டிலா, ஸ்டெப்பிலா என்று குறிக்கலாம். மீதி ஆசிரியரின் சிவப்பு மைதான்.

திருப்பிப் பார்த்ததும் வேலை முடிந்ததா?

இல்லை, ஒரு வாரம் கழித்து அதே இடங்களிலிருந்து ஒரு சின்ன ஸ்லிப் டெஸ்ட் வைக்க வேண்டும். வகுப்பு அதிகம் இழந்த கேள்விகளைக் கருவியே எடுத்துக் கொடுக்கும், எண்களை மட்டும் ஆசிரியர் மாற்றிக்கொள்ள வேண்டும். 2006ல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்த ஆய்வில் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னால் இருந்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 தான். திருப்புதல் தேர்வுகளை நாம் வரிசையாக வைக்கிறோம், சரிதான், ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தாளை யாரும் தொடாவிட்டால் அதே தவறுதான் மூன்று முறை எழுதப்படும்.

எங்கள் பள்ளியில் தொடங்க என்ன வேண்டும்?

முதல் தேர்வுக்குக் கணினியே வேண்டாம். ஒரு சார்ட் தாளில் கேள்வி எண்களை எழுதி ஒட்டுங்கள், தாள் கொடுத்ததும் பிள்ளைகள் வந்து தாங்கள் தவறவிட்ட எண்ணுக்கு எதிரே, எழுதிய விடையின் கட்டத்தில், பேர் போடாமல் ஒரு கோடு போடட்டும். ஐந்து நிமிடத்தில் வகுப்பின் முழுப் படமும் சுவரில் இருக்கும். இதை இரண்டு மூன்று தேர்வுக்குச் செய்து, ஆசிரியர்களுக்கு அது பிடித்துப்போய், 'இதை ஒவ்வொரு முறையும் கையால் எண்ண முடியவில்லையே' என்று அவர்களே கேட்ட பிறகு நிரலைத் தொடங்குங்கள். ஒருவரும் கேட்கவில்லை என்றால் சார்ட் தாளே போதும். நிரல் வேண்டுமென்றால் எங்களுடையதைப் பென்டிரைவில் தருகிறோம், காசு கிடையாது, மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

ப்ளஸ் டூ முடித்துப் பிள்ளைகள் போய்விட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

ப்ளஸ் ஒன் பிள்ளைகள். ஆனால் ப்ளஸ் ஒன் பாடத்தில் இருப்பது சி ப்ளஸ் ப்ளஸ், பைத்தான் அடுத்த ஆண்டுதான் வரும், ஆகவே ஒப்படைப்பை ஜனவரிக்குத் தள்ளினால் நடக்காது. அதற்குள் ப்ளஸ் டூவுக்குத் திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு என்று வரிசை கட்டிவிடும். காலாண்டு விடுமுறை முடிந்ததுமே ப்ளஸ் ஒன்னில் விருப்பம் உள்ளவர்களைக் கூட உட்கார வைக்கிறோம். முதலில் அவர்களுக்கு நிரல் காட்டுவதில்லை, ஒரு பத்தாம் வகுப்புத் தேர்வின் தாள்களைக் கொடுத்துக் கையாலேயே எண்ணச் சொல்கிறோம். அப்புறம் திரையில் தெரியும் சொற்களை மாற்றுவது, ஒரு புதிய காரணத்தைச் சேர்த்துப் பார்ப்பது என்று சின்னச் சின்ன வேலைகள். ஒவ்வொரு மாற்றத்தையும் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்கள், அந்த நோட்டு லேப் அலமாரியில் இருக்கிறது. இந்த ஆண்டு கருவியின் பொறுப்பை எடுத்துக்கொள்ள முன்வந்திருப்பது ப்ளஸ் ஒன்னில் இரண்டு மாணவிகள். அவர்கள் கேட்டிருக்கும் முதல் மாற்றம், திரையில் எழுத்தைப் பெரிதாக்க ஒரு பொத்தான், கடைசி பெஞ்சிலிருந்து புரொஜெக்டரில் படிக்க முடியவில்லையாம்.